எடுத்தல்

பிரயாணத்தில் போட்டோ எடுப்பது பற்றி நண்பர்கள் பேசும்போது பேச்சு எப்போதும் இரண்டு இடங்களில் வந்து நிற்கிறது. ஒன்று, தவறிப்போன படம். பஸ் நகர்ந்துவிட்டது, வெளிச்சம் போய்விட்டது, பிலிம் தீர்ந்துவிட்டது. மற்றது, கிடைத்த படம். எதிர்பாராத கணத்தில் எல்லாம் தானாகக் கூடிவந்து சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்ட ஒன்று. சந்தோஷம், சலிப்பு இரண்டுமே எடுக்கிறவனுடையவை. எடுக்கப்பட்டவருக்கும் இதில் சந்தோஷமோ ஏமாற்றமோ இருக்கக்கூடும் என்பது பேச்சில் வருவதில்லை. என் பேச்சிலும் பல வருஷங்கள் வந்ததில்லை. மந்தாரக்குப்பத்தில் நான் எடுத்த ஒரு படத்தின் காரணமாகத்தான் இதை யோசிக்க நேர்ந்தது. யோசித்து முடித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது.

மந்தாரக்குப்பம் பிரயாணிகள் பார்ப்பதற்காக இறங்கும் ஊர் அல்ல. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில், நெய்வேலியை ஒட்டி, கங்கைகொண்டான் பேரூராட்சிக்குள் அடங்கியது. நெய்வேலி நகரியம் காகிதத்தில் வரைந்து பிறகு கட்டப்பட்ட ஊர். வட்டங்களுக்கு எண் உண்டு, சாலைகளுக்கு மரம் உண்டு. மந்தாரக்குப்பத்தின் கடைத்தெருவைப் பார்த்தால் யாரும் வரைந்த மாதிரி தெரியாது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து இந்தப் பிரதேசத்தின் கதையைத் தொடங்குவது வழக்கம். 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்தைப் பார்த்தது. 1962இல் மின்சாரம் வந்தது. நிலக்கரிக்கு மேலே பல பத்து மீட்டர் மண். கீழே அழுத்தத்தோடு காத்திருக்கும் நீர். மேல் மண்ணை அகற்ற வேண்டும், அடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முந்திரித் தோப்பும் செம்மண்ணுமான சமவெளியில் திடீரென்று குன்றுகள் தெரியும். அவை குன்றுகள் அல்ல, கொட்டிய மண்.

1984இல் கடலூரிலிருந்து வரும்போது பஸ் பழுதாகி அங்கே இறங்க வேண்டியதாயிற்று. தோளில் இரவல் காமிரா இருந்தது. ஆக்ஃபா கிளிக் III. உள்ளே ஊட்டியில் செய்த இந்து பிலிம். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். அதில் பத்து ஏற்கெனவே கடலூர்த் துறைமுகத்தில் போயிருந்தது. இரண்டு பாக்கி என்னும்போது மனிதனுக்குக் கண் வேறு மாதிரி திறக்கிறது. எதைப் பார்த்தாலும் இதற்கு ஒன்றைச் செலவழிக்கலாமா என்ற கணக்கு. பார்ப்பதை அது கூர்மையாக்குகிறது என்று அப்போது நம்பினேன். கஞ்சனுடைய கூர்மை அது என்று இப்போது தோன்றுகிறது.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் கீற்றுக் கொட்டகையில் இட்லி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். இட்லிப் பானையின் மூடியைத் தூக்கியபோது ஆவி முகத்தில் அடித்து அவள் கண்களைச் சுருக்கினாள். அவளுக்குப் பின்னால், தூரத்தில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். ஆவியும் புகையும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. எடுத்தேன். பதினோராவது படம். உடம்பெல்லாம் ஒரு குதூகலம் பரவிற்று. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. படம் எடுப்பவனின் சந்தோஷம் பொய்யானது என்று வாதாட நான் வரவில்லை. அந்தக் கணத்தில் உலகம் எனக்கு முன் ஒழுங்காக நின்றது. ஒரு நல்ல கவிதை வரி அமையும்போது வருவதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிற சந்தோஷம் அது.

"தம்பி, என்னையா எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"வருமா?"

"வரும்."

"ஒண்ணு அனுப்பி வைங்க. எங்க வூட்டுல எம்படம் ஒண்ணுகூட இல்ல."

விலாசம் கேட்டேன். அவள் சிரித்தாள். "எந்த ஊருன்னு சொல்ல? எங்க ஊரு இப்ப குழிக்குள்ள இருக்கு. கைக்கொழந்தையோட வந்தோம் இங்க. மந்தாரக்குப்பம், பஸ்ஸு நிக்கிற எடம், இட்லிக் கடைன்னு போடுங்க, வந்துரும்." பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை. இட்லிக்குக் காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டாள். "படம் புடிச்சிருக்கீங்க, இருக்கட்டும்" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு பேச்சு முடிந்துபோன விவகாரம். அவள் தன் பங்கைக் கொடுத்தாயிற்று.

டிக்கெட் தொலைந்தது. படம் நண்பர் நடத்திய சிறுபத்திரிகையின் பின்னட்டையில் வந்தது. முந்நூறு பிரதிகள். படத்துக்கு அடியில் 'நெய்வேலி அருகில்' என்று இரண்டு வார்த்தை. உள்ளே என் பெயர். நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். ஆவிக்கும் புகைக்கும் இடையில் அந்த முகம் கரைந்து மறுபடி உருக்கொள்கிறது என்று ஒருவர் எழுதினார். சரியான வாசகம் என்று நினைத்தேன். ஒரு பிரதி போட்டு உறையில் வைத்து அனுப்புவது ஓர் அரை நாள் வேலை. செய்யவில்லை. விலாசம் தொலைந்தது என்பது காரணமல்ல, அவள் சொன்ன விலாசம் மறக்கக்கூடியதே அல்ல.

தமிழில் படத்தை 'எடுக்கிறோம்', அல்லது 'பிடிக்கிறோம்'. இரண்டுமே வைத்துக்கொள்கிறவனின் வினைகள். மந்தாரக்குப்பத்தில் 'எடுத்தாங்க' என்றால் முதலில் படம் ஞாபகத்துக்கு வராது. "எங்க நெலத்த எடுத்தப்ப" என்றுதான் வருஷக் கணக்கே சொல்கிறார்கள். கரி எடுப்பது, மண் எடுப்பது, நிலம் எடுப்பது. சாவு வீட்டிலும் "எப்ப எடுக்கிறாங்க?" என்றுதான் கேட்கிறோம். அரசாங்கக் காகிதத்தில் ஆர்ஜிதம் என்றும் நில எடுப்பு என்றும் இருக்கும். 1894ஆம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டம் அது. 2013இல் புதுச் சட்டம் எழுதப்படும்வரை ஓடியது. அந்தச் சட்டத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இங்கே ஆள் கிடையாது. ஆனாலும் அதில்கூட எடுக்கப்போவதாக ஓர் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு ஓர் அவகாசம், எடுத்ததற்கு ஒரு நஷ்ட ஈடு என்று மூன்று ஏற்பாடுகள் இருந்தன. நடைமுறையில் எவ்வளவு கிடைத்தது என்பது வேறு விஷயம். நான் எடுத்தபோது மூன்றில் ஒன்றும் இல்லை. அவளாகக் கேட்டாள், அவளாக ஈட்டின் அளவையும் சொன்னாள். ஒரு பிரதி.

இதை ஒப்பிடுவது மிகை என்று ஒரு நண்பர் சொன்னார். நிலம் போனால் இல்லை. முகம் எடுத்தாலும் முகம் இருக்கிறதே என்றார். சரிதான். ஆனால் அவளிடம் முகம் இருந்தது, படம் இல்லை. முகம் நாளைக்கு இருக்காது என்பதுதான் படம் என்ற ஒன்றையே மனிதன் விரும்பக் காரணம்.

தமிழ்நாட்டில் பிரயாணம் செய்து படம் எடுத்தவர்களில் முன்னோடி லின்னேயஸ் டிரைப். சென்னை ராஜதானியின் அரசாங்கப் போட்டோக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரி. மெழுகிட்ட காகித நெகட்டிவ்களையும் சாமான்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று போனார். அவருடைய கோவில்களில் அநேகமாக ஆட்களே இல்லை. ஆட்கள் இல்லாமல் இருக்கவில்லை; அந்தக் காகிதத்தில் நகர்கிறவன் பதியமாட்டான். அசையாமல் நின்ற கல்லுக்குத்தான் அதில் இடம். காகிதத்தில் வானம் வெறும் வெளுப்பாக விழுந்ததால் சில நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். 1858இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடிப்பாகத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 தாள்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு விசித்திரம் அதில் உண்டு. ராஜராஜன் அந்தக் கல்லில் வெட்டச் சொன்னது யார் யார் கோவிலுக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்பதை. கொடுத்ததன் கணக்கு கல்லில் இருக்கிறது. அதை ஒருவர் எடுத்துக்கொண்டு போகிறார். கொடுத்தவன் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஓர் அரசனுக்குத் தோன்றியிருக்கிறது. என் பின்னட்டையில் எனக்குத் தோன்றவில்லை.

பெயர் சின்ன விஷயம் அல்ல. செபாஸ்டியோ சல்காடோ, 2025இல் காலமானவர், பிரேசிலின் தங்கச் சுரங்கக் குழியில் ஆயிரக்கணக்கானோர் சேற்று மூட்டையோடு ஏணியேறுவதை 1986இல் எடுத்தார். தொழிலாளர்களைப் பற்றி 1993இல் வந்த அவருடைய பெரிய தொகுப்பில் நம் தன்பாத் நிலக்கரித் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களின் அழகை மறுப்பவனுக்குக் கண் இல்லை. பிற்பாடு அவர் எடுத்த அகதிகள் படங்களைக் குறித்து சூசன் சோன்டாக் 2003இல் ஒரு விஷயத்தைச் சுட்டினார். படங்களின் கீழ் எங்கே, எந்தத் தொழில், எந்த இனம் என்றெல்லாம் இருக்கிறது, பெயர் இல்லை என்று. பிரபலங்களுக்கு மட்டும் பெயர், மற்றவர்கள் ஒரு நிலைமைக்கு உதாரணம். என் இட்லிக் கடை அம்மாள் 'நெய்வேலி அருகில்' என்ற நிலைமைக்கு உதாரணம் ஆனாள். சல்காடோவின் கலை என்னிடம் இல்லை, குறை மட்டும் ஒன்றாக இருந்தது.

எடுக்கப்படாமல் இருப்பதற்கும் ஒருவருக்கு உரிமை இருக்கலாம். மந்தாரக்குப்பத்துக்கு அருகில்தான் வடலூர். ராமலிங்க சுவாமிகளைப் படம் எடுக்க ஒருவர் எட்டு முறை முயன்றும் வெள்ளைத் துணி மட்டுமே விழுந்தது, உருவம் விழவில்லை என்று ஒரு செய்தி அங்கே வழங்குகிறது. அந்தக் காலத்து ரசாயனத் தகடுகளில் வெள்ளைத் துணி அதிகமாகவும் பழுப்புத் தோல் குறைவாகவும்தான் பதியும் என்று விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் விளக்கினார். இருக்கலாம். எனக்கு அதிசயத்தைவிட, அதை அதிசயமாகச் சொல்லிவருகிறவர்களின் மனம் முக்கியமாகப் படுகிறது. ஒருவர் தன்னை எடுக்கவிடாமல் இருந்தார் என்பதை அவர்கள் ஒரு பெருமையாகப் பாதுகாக்கிறார்கள். நாம் வீடுகளில் பார்க்கும் படங்கள் எல்லாம் வரைந்தவை.

ஆனால் அந்த அம்மாள் மறுக்கவில்லை, விரும்பினாள். அதுதான் என் கேஸை இன்னும் மோசமாக்குகிறது.

1996இல் விருத்தாசலத்தில் ஒரு கல்யாணம். திரும்பும்போது மந்தாரக்குப்பத்தில் இறங்கினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் ஓடு போட்ட கடை. பரோட்டாக் கல்லும் வந்துவிட்டது. நாற்பதை நெருங்கும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மகன். விஷயத்தைச் சொன்னதும், "நீங்கதானா சார் அது?" என்றார். குரலில் கோபம் இல்லை. "அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும். தபால்காரரக் கொஞ்ச நாள் கேட்டுக்கிட்டு இருந்தது. அப்புறம் உட்டுடுச்சு." மூன்று வருஷத்துக்கு முன் இறந்துவிட்டாள். "காரியத்துக்கு வைக்கப் படம் இல்லைங்க. ஓட்டு அட்டைக்குப் படம் எடுக்க வர்றதுக்குள்ள போயிடுச்சு. ஒரு செம்புல தண்ணி வச்சுப் பூப் போட்டோம்."

ஊருக்கு வந்து நெகட்டிவ்களைத் தேடினேன். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. அச்சுப் பிரதி பிளாக் செய்யப் போன இடத்திலேயே நின்றுவிட்டது. மிஞ்சியது அந்தப் பின்னட்டை. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். பெரிதாக்கினால் முகம் புள்ளிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஸ்டூடியோக்காரர் தயங்கவில்லை. "டச்சிங் பண்ணிடலாம் சார்" என்றார். பத்து நாள் கழித்துக் கொடுத்தார். புள்ளிகளின் மேல் முகத்தை வரைந்திருந்தார். சுருங்கியிருந்த கண்களைத் திறந்துவிட்டிருந்தார். ஆவி இல்லை. இட்லிப் பானை இல்லை. காதில் தோடு, மூக்கில் மூக்குத்தி. புகைபோக்கிகள் இருந்த இடத்தில் இளநீலம். "பொகை எதுக்கு சார்? சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டப் போறாங்க" என்றார்.

எனக்கு வயிறு கலங்கிற்று. காலண்டர் சித்திரத்தையும் அதன் ரஸனையையும் எதிர்த்து இதே மாதிரிப் பத்திரிகைகளில் வருஷக் கணக்கில் எழுதியவன் நான். அந்தப் படத்தில் எதற்காக அதை எடுத்தேனோ அது முழுவதும் துடைக்கப்பட்டிருந்தது. இதைக் கொடுப்பதா, கொடுக்காமல் இருப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு நாள் யோசித்ததற்காகத்தான் பிறகு வெட்கப்பட்டேன்.

மகன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவேதான்" என்றார். பிறகு, "தோடு மட்டும்தான் வேற. அம்மா காதுல தோடு பாத்ததில்ல நான். கடை வைக்கிறப்ப வித்துட்டாங்க. இருக்கட்டும், இப்பவாவது போட்டுக்கட்டும்" என்றார்.

ரோலன் பார்த் 1980இல் வெளியிட்ட போட்டோ பற்றிய நூலில், இறந்துபோன தாயாரின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்; அந்தப் படத்தை மட்டும் நூலில் அச்சிடவில்லை. தனக்கு அது தாய், வாசகனுக்கு ஆயிரத்தில் ஒரு பழைய படம் என்பது அவர் சொல்லும் காரணம். நான் செய்தது இதைத் தலைகீழாக்கியது. எனக்கு ஆயிரத்தில் ஒன்று. அதை முந்நூறு பேருக்கு அச்சிட்டேன். யாருக்கு அது ஒன்றே ஒன்றோ அவருக்குக் கொடுக்கவில்லை.

இதிலிருந்து ஸ்டூடியோக்காரரின் படம் கலை என்றோ, என் படம் கலை இல்லை என்றோ நான் முடிவுக்கு வரவில்லை. அவருடையது மோசமான சித்திரம்தான். ஆனால் படம் நன்றாக இருக்கிறதா என்பதும் படத்துக்காக யாருக்கு என்ன பட்டிருக்கிறோம் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவது கேள்வி தீர்ந்துபோகும் என்று நாம், எழுதுகிறவர்களும் சேர்த்துத்தான், நினைத்துக்கொள்கிறோம். பன்னிரண்டு வருஷம் நான் அப்படித்தான் ஒளிந்திருந்தேன். மனிதர்களைக் கதையில் எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்த ஒளிவிடம்.

இதைக் கேட்ட நண்பர் வேறொரு ஆட்சேபணை சொன்னார். எல்லோரிடமும் அனுமதி கேட்டு, எல்லோருக்கும் பிரதி அனுப்பித்தான் படம் எடுப்பதென்றால் உலகத்தில் அநியாயத்துக்கு சாட்சியே இருக்காது என்றார். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றிவிடும் வாய்க்காலுக்காக, நின்ற நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கியதைக் காட்டும் படங்களைச் சுட்டினார். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் நெய்வேலிச் சுற்றுவட்டாரத்துக்கு அப்பால் யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பயிரிட்டவர்கள் அது உலகத்தின் கண்ணில் பட வேண்டும் என்று விரும்பினார்கள். எடுத்தது அவர்களிடம் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. என் படத்திலும் புகை இருந்ததே, அதுவும் சாட்சிதானே என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டேன். யாரிடம் சாட்சி சொன்னேன்? கிராமம் குழிக்குள் போன கதையை அவள் ஒரு வாக்கியத்தில் சொன்னாள். அதைக்கூட நான் படத்தின் கீழே போடவில்லை. புகை எனக்கு நிறமாகத்தான் தேவைப்பட்டது.

விதி எதுவும் சொல்வதற்கில்லை. எந்தப் படத்துக்குக் கடன் உண்டு, எதற்கு இல்லை என்பதை எடுக்கிற கணத்தில் கண்டுகொள்ளவும் முடியாது. எடுக்கும்போது சந்தோஷம் பெரிதாக இருந்தால், பிறகு ஒரு தரம் திரும்பிப் பார்ப்பது நல்லது என்று மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிரயாணி திரும்பி வரமாட்டான் என்பதுதான் அவன் படங்களுக்குள்ள சுதந்திரம். அதுவே அவற்றின் குறையும்.

சென்ற வருஷம் மறுபடியும் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். என் படத்தில் புகைந்த பழைய மின் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது. வேறு நிலையங்கள் ஓடுகின்றன. மகனுக்குத் தலை நரைத்துவிட்டது. சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் தோடு போட்ட அம்மாள், காய்ந்த மாலையோடு. மகனின் பெண், கல்லூரியில் படிக்கிறவள், போனைத் தூக்கி என்னை ஒரு படம் எடுத்தாள். எடுத்த கையோடு, "நம்பர் சொல்லுங்க தாத்தா, அனுப்பிடறேன்" என்றாள்.

பஸ் விருத்தாசலம் சேருமுன் படம் வந்துவிட்டது. கோணல். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். நான் எடுத்திருந்தால் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிற படம். வைத்திருக்கிறேன்.